இரவில் ஏரி செய்யும் வேலை

சித்திரையில் திருவண்ணாமலைக்கு வெயில் இறங்கினாலும் சூடு இறங்காது. சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்து நெடுநேரம் ஆன பிறகும், கிரிவலப் பாதையில் பாறைகள் ஒட்டி வரும் இடங்களில் நடப்பவரின் வலது கன்னத்தில் வெக்கை தட்டும். அக்கினித் தலம், அப்படித்தான் இருக்கும் என்பார்கள் பெரியவர்கள். இயற்பியல் பாடம் படித்தவருக்கும் அந்தப் பதிலில் பாதி உடன்பாடுதான். பகல் முழுக்க விழுந்த வெயிலைப் பாறை தன் மேல்தோலில் அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அடைத்து வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே சூடு இறங்குவதற்குள் பகல் முடிந்துவிடும். ஒரே மெல்லிய அடுக்கில் தேங்கிய அத்தனை சூடும் கையை வைக்க முடியாத அளவுக்கு ஏறி, இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக ஊர்மேல் இறங்குகிறது.

ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை இந்த மலையின் விரூபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அங்கே தண்ணீர் வற்றிவிடும், சூடும் கூடும். அப்போது முலைப்பால் தீர்த்தத்துக்கு அருகிலிருந்த மாமரத்துக் குகைக்கு இடம் மாறிவிடுவார். பிறகு 1922 வரை அவர் இருந்த ஸ்கந்தாசிரமத்தில் ஊற்று உண்டு. நீர் இருக்கும் இடத்துக்கு மனிதன் தன்னை நகர்த்திக்கொள்வது, நீரையும் குளிர்ச்சியையும் தன் இடத்துக்கு இழுத்து வருவது என்ற இரண்டு வழிகளில் முதல் வழி அது. இந்தக் கட்டுரையில் எனக்குத் தேவைப்படும் அளவுகோலும் அதுதான்.

மலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சாத்தனூர் அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1958இல் முடித்தார்கள். முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. சுற்றிலும் குன்றுகள், காப்புக்காடு. திருவண்ணாமலை மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. காடும் பெரிய நீர்ப்பரப்பும் சேர்ந்திருக்கும் இடம் என்று இங்குள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துப் போவது சாத்தனூருக்குத்தான். நாடெங்கும் இத்தகைய ஏரிக்கரைகளில் இப்போது சொகுசுக் கூடாரங்கள் முளைக்கின்றன. கட்டில், மெத்தை, ஒட்டினாற்போல் குளியலறை, முன்னால் பலகைத் திண்ணை. கிளாம்பிங் என்று பெயர். பசுமைத் தங்கல் என்ற சொல்லும் விளம்பரத்தில் கூடவே வரும். அந்தச் சொல்லுக்குத் தகுதி உண்டா என்று பார்க்கக் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துப் பயனில்லை. ஏரி இரவு முழுவதும் சில வேலைகள் செய்கிறது. அவற்றில் எதைக் கூடாரம் நிறுத்துகிறது, எதை விட்டுவைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை சூட்டைப் பதுக்குவது. மலைமேல் விழும் அதே வெயில்தான் நீர்மேலும் விழுகிறது. ஆனால் ஒளி நீருக்குள் மீட்டர் கணக்கில் இறங்கும், காற்று அதைக் கலக்கிவிடும், மேற்பரப்பு ஓயாமல் ஆவியாகும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து 50 லட்சம் லிட்டர் போகிறது, அத்தனை வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு. மண்பானை சுரந்து குளிர்வதும் இதே கணக்கில்தான். அதனால்தான் மதியம் பாறை கொதிக்கும்போது நீர் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. விடியற்காலையில் நிலை தலைகீழாகும். சூட்டை இழந்துவிட்ட நிலம் குளிர்ந்து கிடக்க, நீர் அதைவிடச் சூடாக இருக்கும். மார்கழி அதிகாலையில் குளிர்ந்த காற்று கரையிலிருந்து நீர்மேல் வழிந்து இறங்க, நீரிலிருந்து எழும் ஆவி அந்தக் குளிர்க் காற்றில் பட்டு மூடுபனியாகத் திரள்கிறது. ஏரி புகைவதாகத் தோன்றும் அந்த அரை மணி நேரம், முந்தைய பகலின் வெயில் நம் கண்முன் திரும்பிப் போகும் நேரம்.

இந்த இடத்தில் ஒரு துணிக் கூடாரத்தை வைத்துப் பார்ப்போம். துணிக்குச் சூட்டைத் தேக்கிவைக்கும் திறன் ஏறக்குறைய இல்லை. பகலில் வெயில் பட்ட சில நிமிடங்களில் உள்ளே அடுப்படி ஆகிவிடும், இரவில் அதே வேகத்தில் ஆறிவிடும். தெளிந்த வானத்தின் கீழ் அது காற்றைவிடவும் குளிர்ந்துபோகும், ஏனென்றால் அதன் சூடு அகச்சிவப்புக் கதிராக நேரே வானத்தை நோக்கிப் போகிறது, வானத்திலிருந்து திரும்பி வருவதோ குறைவு. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படிகிறது. பனி பெய்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். அது மேலிருந்து விழுவதில்லை, அந்தந்தப் பரப்பிலேயே பிறக்கிறது. மரத்தடியில் படுத்தால் பனி நனைக்காது என்பதற்கும் இங்கேதான் விளக்கம் இருக்கிறது. கிளைகளும் இலைகளும் வானத்தை மறைக்கின்றன, கூடாரம் அனுப்பும் கதிருக்கு ஈடாகத் தாமும் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. வெளியே இப்படி நனைய, உள்ளே உறங்கும் இருவர் மூச்சிலும் வியர்வையிலுமாக ஓர் இரவில் சுமார் அரை லிட்டர் நீரை வெளிவிடுகிறார்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் அதுவும் துணியின் உட்புறத்தில் வழியும்.

ஆக, மரத்தடியில், இரண்டு அடுக்குத் துணியோடு, நடுவே காற்று ஓட இடம் விட்டு, ஏரிக்காற்று நுழையும் திசையில் வாசல் வைத்தால் கூடாரம் ஊர்ப்புறக் கோடை இரவையும் தாங்கும். வெட்டவெளியில் அடித்து, உள்ளே குளிரூட்டும் இயந்திரம் பொருத்தினால் நிலைமை வேறு. இயந்திரம் வெளியேற்றும் வெப்பம் துணி வழியாக அப்போதே திரும்பி வந்துகொண்டிருக்கும். விடிய விடிய ஓடினாலும் அது வேலையை முடிக்காது. நம் தென்னங்கீற்றுக் கொட்டகை இதைவிட நுட்பமானது. முடைந்த கீற்றின் அடுக்குகளுக்குள் சிக்கிய காற்று வெயிலைத் தடுக்கிறது, இடுக்குகள் சூட்டை வெளியே விடுகின்றன. மண் சுவர் இன்னொரு வகை. கனமான சுவரின் வெளிப்புறம் பட்ட மதிய வெயில் உட்புறம் வந்து சேர எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் இரவு வந்துவிடும், சன்னலைத் திறந்துவிடலாம். திருவண்ணாமலையைச் சேர்ந்த தண்ணல் அமைப்பு மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டும் பழைய முறைகளைத் தேடித் தொகுத்து, கற்றும் கொடுக்கிறது. கூடாரம்தான் வேண்டும் என்பவர்கள்கூட அங்கே சில நாள் மண் மிதித்துப் பார்க்கலாம்.

ஏரியின் இரண்டாவது வேலை மூச்சு விடுவது. பகலில் சூடான மேல்நீர் லேசாகி மிதக்கிறது, கீழே குளிர்நீர் தனியாகக் கிடக்கிறது. மேலுள்ள பாசிகள் வெயிலில் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன. இருட்டியதும் மேற்பரப்பு ஆறத் தொடங்கும். ஆறிய நீர் கனத்து, மெல்லிய நூல்களாகக் கீழே இறங்கும், இறங்கும்போது பகலில் சேர்ந்த ஆக்சிஜனையும் கொண்டுபோகும். அலையே இல்லாமல் கண்ணாடியாகக் கிடக்கும் நீருக்குள் ராத்திரி முழுக்க இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. ஆனால் இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்க, விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில் எழுந்து குளத்தைப் பார்ப்பார்கள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் ஆபத்து. பாசி அதிகமான நீரில் இந்த ஆபத்தும் அதிகம். பகலில் ஆக்சிஜனைக் கொட்டிக் கொடுத்த அதே பாசிக் கூட்டம் இரவில் அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். பாசி எதனால் பெருகுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சாயங்கால ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. கோடை மாலையில் கரையின் சூடான காற்று ஏரிமேல் நகரும்போது, நீரை ஒட்டிய அடுக்கு மட்டும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி சற்று மெதுவாகப் போகும், அதனால் மேலே தப்பிப் போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளைந்து நீரை ஒட்டியே பரவும். எதிர்க்கரையில் யாரோ பேசுவது காதுக்கருகில் கேட்பது இதனால்தான். இந்தக் கரையில் வைக்கும் ஒலிபெருக்கியும் அதே வழியில் எதிர்க்கரைக் காட்டுக்குள் போய்ச் சேரும்.

மூன்றாவது, இருட்டு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பசுமை என்ற பெயரில் மிக எளிதாகக் கெடுவது இதுதான்.

விளக்கில் பூச்சிகள் ஏன் மொய்க்கின்றன? நிலவென்று நினைத்து ஏமாறுகின்றன, சூட்டை நாடுகின்றன என்றெல்லாம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியன், இந்தியரான யாஷ் சோந்தி முதலியோர் அதிவேகக் கேமராக்களால் பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்து 2024இல் வேறொரு விடை தந்தார்கள். பூச்சிகள் விளக்கை நோக்கிப் பறப்பதில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் மேலே வானம் வெளிச்சமாகவும் கீழே தரை இருட்டாகவும் இருந்துவந்திருக்கிறது. முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொண்டால் நேராகப் பறக்கிறோம் என்று பொருள். அந்தப் பழக்கம் அவற்றின் உடலில் ஊறியது. பக்கவாட்டில் ஒரு விளக்கு எரிந்தால் பூச்சி அதை வானமென்று எடுத்துக்கொண்டு உடலைச் சாய்க்கிறது, சாய்ந்த உடல் விளக்கைச் சுற்றிச் சுழல்கிறது. விளக்குக்கு மேலே போய்விட்டால் தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. அரளிச் செடியில் வளரும் ஒருவகைப் பெரிய அந்துப்பூச்சி போன்ற சில மட்டும் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. மற்றவை பசியாலோ ஆசையாலோ விளக்குக்கு வருவதில்லை. எது மேல், எது கீழ் என்ற அறிவையே அவை இழந்துவிடுகின்றன.

ஏரிக்கரையில் இது ஊரைவிடப் பெரிய கேடு. தட்டான், கொசு, இன்னும் பலவகைப் பூச்சிகளின் இளமைப் பருவம் நீரில்தான். இரவில் நீரிலிருந்து வெளியேறிப் பறக்கும் இவற்றை நம்பித் தவளையும் வௌவாலும் மீனும் இருக்கின்றன. கரையோரத்து வெள்ளை விளக்கு இந்தக் கூட்டத்தை ஓரிடத்தில் கட்டிப்போடும். நீலமும் புறஊதாவும் அதிகமான ஒளி மிகுதியாக இழுக்கும், மஞ்சளும் சிவப்பும் குறைவாக. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சிக் கொப்பரையில் எரிவது நெய்ச்சுடர். சுடரொளியில் நீலம் மிகக் குறைவு. நாம் வாங்கி மாட்டும் வெள்ளை எல்இடியில் அது கூடுதல். கூடாரவாசலில் மஞ்சள் சார்ந்த மங்கலான விளக்கு, முழங்கால் உயரத்தில், தரையை மட்டும் பார்த்து, மேலே மூடியோடு இருந்தால் நடக்கவும் போதும், பூச்சிக்கும் வானம் வானமாகவே இருக்கும்.

நான் வியந்து நிற்பது இன்னொரு ஒளியை நினைத்து. ஒளி ஓர் அலை. சாதாரண ஒளியில் அந்த அலைவு எல்லாத் திசைகளிலும் இருக்கும். தட்டையான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும்போது, கிடைமட்ட அலைவே மிகுதியாக மிஞ்சும். தளவிளைவு என்று பள்ளிப் புத்தகம் சொல்வது இதை. நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நீர்ப்பூச்சிகளின் கண்ணுக்குத் தெரியும். அவை தண்ணீரைத் தண்ணீரென்று கண்டுகொள்வதே இந்தக் கிடைமட்ட ஒளியை வைத்துத்தான், பளபளப்பையோ நீல நிறத்தையோ வைத்து அல்ல. ஹங்கேரி அறிவியலாளர் காபோர் ஹோர்வாத்தும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் தட்டான்கள் கறுப்பு மெருகுக் கல்லறைகள் மேலேயே சுற்றுவதைக் கவனித்து 2007இல் எழுதினார்கள். கறுப்புக் கல்லின் பளபளப்பு, அவற்றுக்கு நீரேதான்.

அப்படியானால் சூரிய மின்தகடு? கறுப்பு, வழவழப்பு, கண்ணாடி மூடியது. தண்ணீரைவிடத் தூய்மையான கிடைமட்ட ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. பூச்சியின் கண்ணுக்கு அது ஏரியைவிட ஏரியாகத் தெரியும். 2010இல் வெளிவந்த ஆய்வில், நீர்ப்பூச்சிகள் தகடுகள்மேல் இறங்கி முட்டையிட முயல்வதை ஹோர்வாத் குழு பதிவு செய்தது. அங்கே இடும் முட்டை காய்ந்துதான் போகும். கூடவே தீர்வும் இருந்தது. தகட்டின்மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகளால் கட்டம் போட்டால் பூச்சிகள் வருவது பல மடங்கு குறைந்துவிடுகிறது, மின்சாரம் கொஞ்சமே குறைகிறது. தொடர்ந்த கறுப்புப் பரப்பை வெள்ளைக் கோடுகள் துண்டு துண்டாக்கிவிட்டால் பூச்சிக்கு அது நீராகத் தோன்றுவதில்லை. சூரிய மின்சாரம் வைத்திருக்கிறோம், எனவே நாங்கள் பசுமை என்று சொல்லும் ஒவ்வொரு ஏரிக்கரைத் தங்குமிடமும் இந்த ஒரு ஆய்வைப் படித்திருக்க வேண்டும். தகட்டை நீரிலிருந்து தள்ளி, மரவரிசைக்குப் பின்னால் வைத்து, வெள்ளைக் கோடு போடுவதற்கு ஆகும் செலவு ஒரு மெத்தை விலைகூட இருக்காது.

இருட்டின் மதிப்பு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. சவ்வாது மலையின் காவலூரில் 1960களின் இறுதியில் வானாய்வகம் அமைத்தபோது வானியலாளர் வைணு பாப்பு தேடியது காடு சூழ்ந்த கரிய வானத்தைத்தான். அவர் பெயரில் அங்கே 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, வெகுகாலம் ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்றாக இருந்தது. கணித மேதை இராமானுஜன் பெயரைத் தாங்கும் சிறுகோளும் 1988இல் காவலூரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதே கரிய வானம் தவளைக்கும் அந்துப்பூச்சிக்கும் வேண்டியிருக்கிறது.

இப்போது பாசிக்கு வருகிறேன். ஏரி எதனால் பச்சையாகிறது என்ற கேள்வி 1970களில் பெரிய வழக்காகவே நடந்தது. சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்தான் காரணம் என்றார்கள் சிலர், கார்பன்தான் என்று வாதிட்டது தொழில்துறை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிவைத்த ஏரிகளில் 226 என்ற எண்ணுடைய ஒன்றை டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளர் எடுத்துக்கொண்டார். நடுவில் குறுகிய ஏரி அது. அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார். இருபக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார், ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். 1973இல் வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம், மறுபாதி பச்சைப் பாசி. அந்த ஒரு படம் வழக்கை முடித்துவிட்டது. பல நாடுகளில் சலவைத்தூள் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடு வர அது பெரிய காரணம்.

நன்னீரில் பாசிக்கு மற்றதெல்லாம் ஏராளமாகக் கிடைக்கும், பாஸ்பரஸ் மட்டும் கிடைக்காது. அதனால் சிறிதளவு வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு பல நூறு மடங்கு எடைக்குப் பெருகிவிடும். ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் பாஸ்பரஸைக் கழிவில் வெளியேற்றுகிறார். 20 கூடாரம், 40 பேர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 17 கிலோ அளவில் ஆகும். சாத்தனூர் போன்ற பெருநீரில் இது கரைந்து காணாமல் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பெரிய கவலை மேலேயிருந்து வருகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி ஓடும் காட்சியை எல்லோரும் செய்தியில் பார்த்திருக்கிறோம். பெங்களூரு பகுதியின் கழிவுநீர் அந்த ஆற்றோடு வருகிறது. ஆனால் பெரும்பாலான தங்குமிடங்கள் வருவது பெருநீர்த்தேக்கத்தின் கரையில் அல்ல, அமைதியான சின்ன ஏரிகளின் கரையில். ஒரு லட்சம் கன மீட்டர் பிடிக்கும் ஏரியில் அந்த 17 கிலோவும் போய்ச் சேர்ந்தால் லிட்டருக்கு 170 மைக்ரோகிராம். பாசி பொங்குவதற்கு 30 மைக்ரோகிராம் அளவே போதும். வந்தவர்கள் காண வந்த நீரை, அவர்களே ஓரிரு ஆண்டில் பச்சைக் கூழாக்கிவிட முடியும்.

இதற்கான விடையைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன், மலத்தையும் சிறுநீரையும் பிரித்துச் சேகரிக்கும் சூழல் கழிப்பறைகளைப் பரப்பினார். மலக் குழியில் தண்ணீர் போகாது, ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவ வேண்டும். குழி நிறைந்ததும் மூடிவைத்தால் பல மாதத்தில் கிருமிகள் செத்து, உரமாகிவிடும். கழிவிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதியும் பாஸ்பரஸில் பாதிக்கு மேலும் சிறுநீரில்தான் இருக்கிறது. அதைத் தனியே எடுத்தால் வாழைக்கும் நெல்லுக்கும் உரம். முசிறியில் ஒரு பொதுக் கழிப்பறையில் காசு வாங்குவதற்குப் பதிலாக, பயன்படுத்துபவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். உரத்துக்கு விலை உண்டு என்பதால் அது சாத்தியமாயிற்று. சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பளிங்குத் தரைபோட்ட கூடாரக் குளியலறையைவிட, முசிறித் தெருவின் கழிப்பறையில் ஏரியைப் பற்றிய அறிவு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏரியும் தேசியப் பூங்காவும் உண்மையாகவே சேர்ந்திருக்கும் இடம் நமக்குப் பக்கத்தில் தேக்கடி. 1895இல் பென்னிகுவிக் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான 26 சதுர கிலோமீட்டர் ஏரி அது. சுற்றியுள்ள காட்டின் உட்பகுதி 1982இல் தேசியப் பூங்கா ஆனது. படகில் போனவர்கள் நீருக்கு நடுவே நிற்கும் பட்ட மரங்களை மறந்திருக்க மாட்டார்கள். 1895இல் மூழ்கிய காட்டின் எச்சம். நூற்றாண்டு கடந்தும் அவை விழாததற்குக் காரணம், மூழ்கிய பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாததால் மரத்தைத் தின்னும் பூஞ்சை அங்கே வளர முடியாமல் போனது. நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துவது அவற்றின் உச்சியில்.

அந்தப் பூங்காவில் ஏரிக்கரைக் காட்டில் கூடாரத்தில் தங்கும் பயணங்கள் உண்டு. அழைத்துப் போகிறவர்கள் ஒருகாலத்தில் அதே காட்டில் வேட்டையாடியவர்களும் மரம், பட்டை கடத்தியவர்களும். 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்கள்மேல் வழக்குப் போடுவதோடு நிற்காமல், காட்டை அறிந்த அவர்களுடைய கால்களுக்கும் கண்களுக்கும் வேலை கொடுத்தார்கள். வயணம் என்ற காட்டு மரத்தின் பட்டையை உரித்தவர்களுக்கென்றே ஒரு குழு உண்டு. போகிறவர் கூட்டம் சிறியது, கூடாரம் எளியது, கிளம்பும்போது கழற்றி எடுத்துக்கொள்வது. கட்டில் கிடையாது. சொகுசு குறைவு என்றால் குறைவுதான். ஆனால் அங்கே தங்குவதால் காட்டைக் காக்கும் ஆட்கள் கூடுகிறார்கள், இதைவிட நல்ல கணக்கு நான் கேட்டதில்லை.

சாத்தனூருக்குத் திரும்புவோம். நீர்த்தேக்கத்தின் கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோடையில் நீர் உள்வாங்கி, பசும்புல் முளைத்த சமவெளி வெளிப்படும். மாடு மேயும், கொக்கும் உள்ளானும் இரை தேடும். கூடாரம் போட அதைவிட அழகான இடம் இல்லையென்று தோன்றும். ஆனால் அது ஏரியின் இடம். 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய நாள்தான் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தார்கள். நீர்க்கரையானாலும் மலைச்சரிவானாலும், தங்குமிடத்தின் முதல் வரைபடம் பழைய வெள்ளத்தையும் பழைய சரிவையும் குறித்த வரைபடமாக இருக்க வேண்டும்.

கரையில் இன்னொருவர் வீடு கட்டுகிறார். சாத்தனூர் என்றாலே முதலைப் பண்ணை நினைவுக்கு வரும். அங்கிருப்பது சதுப்புநில முதலை. இந்த இனத்தில் தாய் மாசி, பங்குனி வாக்கில் கரைமண்ணில் குழி பறித்து இருபது முப்பது முட்டைகள் இட்டு மூடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். குஞ்சு ஆணா பெண்ணா என்பது நமக்கு இருப்பதுபோல் குரோமோசோமில் எழுதப்பட்டு வருவதில்லை, மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. சென்னை முதலைப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கர், ஹாரி ஆண்ட்ரூஸ் ஆகியோரும் அமெரிக்க உயிரியலாளர் ஜெஃப்ரி லாங்கும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டைகளை 31 டிகிரி வரையிலான சூட்டில் வைத்தால் எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். 33 டிகிரியில் மறுபடியும் பெண்களும் கலந்து வரும். ஒரு தலைமுறையின் ஆண், பெண் விகிதம் ஒன்றரை டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. கரையில் நிற்கும் ஒரு மருதமரத்தின் நிழல் விழும் மண்ணுக்கும், அந்த மரத்தை வெட்டிய பின் வெயில் விழும் மண்ணுக்கும் இடையே ஒன்றரை டிகிரி எளிதில் வரும்.

அதனால், எந்த நீர்க்கரையிலும் கூடார முளை அடிக்க அனுமதி கேட்பவரிடம் வனத்துறை ஒன்று கேட்கலாம். மாசி முதல் சித்திரை வரை ஒரு பருவம் முழுக்க, உள்ளூர் மீனவர் ஒருவரோடு அந்தக் கரையை நடந்து, முதலையோ ஆமையோ பறவையோ முட்டையிடும் இடங்களையும் நிழல் தரும் மரங்களையும் வரைபடத்தில் குறித்துக் கொண்டுவர வேண்டும். மின்தகடும் கழிப்பறையும் விளக்கும் எங்கே வரும் என்பதை அந்தத் தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.